கெட்டுப்போவதையும் ஓட்டிப் பார்ப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உத்திரமேரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘மோட்டார் போடுவது’ புதிதல்ல. அதனால் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் நிரலை எழுதச் சொன்னேன். அவர்கள் காசு சேர்த்து வாங்கிய சின்ன பம்பு இரண்டாம் நாளே கருகியது. பாதிக்குக் கீழே போனால் போடு, மேலே வந்தால் நிறுத்து என்று நிரலில் ஒரே அளவுதான் இருந்தது. தண்ணீர் தளும்பத் தளும்ப பம்பு விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. நேரே கருவியில் மாட்டவிட்டது என் தவறு.

பிறகு ஸ்கிராட்ச்சில் தொட்டி வரைந்தோம். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வரும் அதே ஸ்கிராட்ச்தான். ‘தண்ணீர்’ என்று ஒரு மாறி. மோட்டார் ஓடினால் ஏறும், நின்றால் இறங்கும். பழைய நிரலை ஓட்டியதும் படத்து மோட்டார் துடித்தது. 30-இல் போடு, 90-இல் நிறுத்து என்று மாற்றியதும் துடிப்பு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நாம் பெரும்பாலும் அந்தக் கைதட்டலோடு முடித்துவிடுகிறோம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது. சேர்ந்த பிழைகளைத் தனக்கு வைத்த வரம்புக்குள் கலத்தால் திருத்திக்கொள்ள முடியவில்லை என்று பின்னர் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் விளக்கினார். அடுத்த கலத்துக்கு ‘எதெல்லாம் கெடலாம்’ என்பதிலிருந்து தொடங்கினார்கள். உணரி கெட்டால்? இயந்திரம் நின்றால்? கணக்கீடு தவறினால்? எல்லாவற்றையும் பாவனையாக ஓட்டிப் பார்த்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். சோதனைக்கான நிலவு மண்ணுக்குக்கூட நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைதான் உதவியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

இதைச் சொன்ன பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு குழு நிரல் எழுதும். மற்றது அதைக் கெடுக்கும். “மிஸ், கெணத்துல தண்ணியே இல்லன்னா?” என்றாள் ஒருத்தி. அவள் அப்பாவின் மோட்டார் சென்ற கோடையில் அப்படித்தான் கருகியதாம். கிணறு வற்றியதற்கு ஒரு பொத்தான் வைத்தோம். 30-ஐத் தாண்டாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஏறாவிட்டால் நிறுத்து என்று சேர்த்தார்கள்.

உடனே இன்னொருவன் கரண்டு போய் வருவதற்கும் பொத்தான் வைத்தான். கரண்டு வந்ததும் நிரல் பழையதை மறந்து, வற்றிய கிணற்றில் மறுபடி மோட்டாரைப் போட்டது. அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது கண்டுபிடித்தால், தேநீர் இடைவேளையில் எனக்குச் சொல்லுங்கள்.