பின்னால் நின்று தள்ளும் கோச்சி

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே வாழ்ந்த இளம்பெண் ஒருத்திக்கு 1971ஆம் ஆண்டில் ஒரு கடிதம் வந்தது. நீலகிரி மலையிலுள்ள குன்னூரிலிருந்து அவளுடைய தமக்கை எழுதிய முதற் கடிதம் அது. சுகம் விசாரித்து, வீட்டு நிலைமை சொல்லி, முடிவில் ஒரு வரி எழுதியிருந்தாள்: “இங்கேயும் மலையிலே கோச்சி ஏறுகிறது, தங்கச்சி. ஆனால் இஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.” அழுதுகொண்டிருப்பவளைச் சிரிக்க வைப்பதற்காக அக்காள் கட்டிய கதை இது என்றே தங்கை எண்ணினாள்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானமாயிற்று. எண்களைப் பிரிப்பது எளிது. ஒரே லயத்தில் ஒரே அடுப்பைச் சுற்றி இருந்தவர்களைப் பிரிப்பது அப்படியன்று. தமக்கை மணந்துகொண்டவர் இந்தியக் குடியுரிமை பெற்றவர். தாய் தந்தையரோ இலங்கையையே வேண்டி நின்றவர்கள். தலைமன்னார் நோக்கிச் சென்ற அந்தப் புகையிரதத்துக்கு மலைநாட்டு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டிருந்தார்கள். அதிலே ஏறிய தமக்கை, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் நீலகிரியை அடைந்தாள். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்திலே கணவனுக்கு வேலை கிடைத்தது. இலங்கையிலே பிறந்து வளர்ந்த ஒருத்திக்குத் ‘தாயகம் திரும்பியவள்’ என்ற பெயர் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, ஒரு மார்கழி மாதத்திலே, அந்தத் தங்கை தம் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவருடன் பழனிக்குச் சென்றார். நாடு திரும்புவதற்கு முன் எஞ்சியிருந்தது ஒரே ஒரு நாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நல்ல வீதி இருக்கிறது. பஸ்ஸிலே சென்றால் விரைவிலே சேரலாம் என்றான் மகன். மூதாட்டி இணங்கவில்லை. அக்காள் எழுதிய கோச்சியில்தான் போகவேண்டும் என்றார். முன்னிரவு முழுவதும் மழை பெய்திருந்தது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்தப் பாதையில் மண்சரிவு புதிதன்று. 2009ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட சரிவுகளால் மாதக்கணக்கில் வண்டி ஓடாமல் நின்றதும் உண்டு. ஆகவே, காலையில் வண்டி புறப்படும் என்று நிலையத்தில் அறிவிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

காலை ஏழு மணி கடந்து சிறிது நேரத்தில் வண்டி நகர்ந்தது. பிள்ளைகள் முன்பக்கம் ஓடிச்சென்று பார்த்தார்கள். இஞ்சினைக் காணோம். முன்பெட்டியின் வெளித்தட்டிலே கொடியுடன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். “அப்பாயி, இஞ்சின் பின்னுக்குத்தான் நிக்குது!” என்று கூவிக்கொண்டு திரும்பி வந்தான் பேரன். மூதாட்டி மறுமொழி சொல்லாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இஞ்சின் பின்னால் நிற்பதற்குத் தக்க நியாயம் உண்டு. கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் நம் மலைநாட்டுப் பாதை, மிகச் செங்குத்தான இடத்திலும் 44 அடிக்கு ஓரடியே உயர்கிறது. வளைந்து வளைந்து சென்று, தெமோதரையிலே தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, சாதாரண சக்கரங்களாலேயே மலையை வென்றுவிடுகிறது. நீலகிரியிலோ கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே வெறுஞ் சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களின் நடுவே பற்களையுடைய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். இஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே இருக்கும். ஆப்ற் என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் கண்ட முறை அது. இஞ்சின் கீழ்ப்புறம் நின்றால், பெட்டிகளை இணைக்கும் கொளுவி அறுந்தாலும் அவை உருண்டுபோக வழியில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே தடை பிடிப்போரும் உண்டு. 1899இல் குன்னூர்வரை திறக்கப்பட்டு, 1908இல் உதகமண்டலத்தை அடைந்த 46 கிலோமீற்றர் பாதை இது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாயிற்று. குன்னூருக்கு மேலே டீசல் இஞ்சின் இழுக்கிறது. குன்னூர்வரை நீராவிதான், நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிக்கும் இஞ்சின்கள் வந்துவிட்டபோதிலும்.

கல்லாற்றின் கமுகந் தோப்புகள் கீழே சென்றன. பின்பு காடு. மூங்கிற் புதர்கள், பாறையைக் குடைந்த சுரங்கங்கள், ஓடைகளின் மேலே கைப்பிடிச் சுவரில்லாத பாலங்கள். வண்டியின் வேகமோ மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர். மிதிவண்டிக்காரன் கூட முந்திவிடுவான். அந்த மெதுவான ஓட்டத்தில் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. சுரங்கத்துள் புகுந்தபொழுதெல்லாம் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். புகை உள்ளே வந்து எல்லோரையும் இரும வைத்தது. மூதாட்டி அந்தப் புகையை வேண்டுமென்றே முகர்ந்தார். சிறுமியாய் ஹற்றன் நிலையத்தில் நின்ற நாளில் இதே மணந்தான் என்றார். ஈரமும் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த மணம் அது.

ஹில்குறோவ் நிலையத்திலே இஞ்சின் தண்ணீர் குடித்தது. குரங்குகள் வடைக்காகக் காத்திருந்தன. தண்ணீர் நிரம்பியும் வண்டி புறப்படவில்லை. மேலே பாதையிற் கல் விழுந்திருப்பதாகச் செய்தி. இருப்புப்பாதைத் தொழிலாளர் கடப்பாரையுடன் நடந்து சென்றார்கள். பத்து நிமிடம் கழிந்தது. இருபது நிமிடம் கழிந்தது. மாலை வண்டி மூன்று மணிக்குப் பின் குன்னூரை விட்டு இறங்கிவிடும். மறுநாள் விமானம். மகன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், தாயைப் பார்ப்பதுமாக இருந்தான். பஸ் என்ற சொல்லை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

நாற்பது நிமிடம் சென்றபின் விசில் ஊதியது. காடு மெல்ல விலகித் தேயிலை தெரிந்தது. மருமகள் கொழுந்தின் நிறத்தைப் பார்த்து, கவ்வாத்து எப்போது வெட்டியிருப்பார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னாள்.

குன்னூர் மேடையிலே ஒரு வாங்கில் தமக்கை அமர்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கே இருந்ததாக அவருடைய பேத்தி சொன்னாள். முழங்கால் வருத்தத்தால் எழுந்து வர இயலவில்லை. தங்கை அருகே சென்று நின்றார். நெடுநேரம் இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டிருந்தார்கள். பேசவேண்டியதை எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இறுதியிலே தமக்கைதான் கேட்டார்: “இஞ்சின் எங்கே நின்னுச்சு, பாத்தியா?”

“பாத்தேன் அக்கா. பின்னாலதான்.”

நண்பகலில் வீட்டிலே தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தன. அரை நூற்றாண்டாக நீலகிரியில் இருந்தும் அந்தக் கை மாறவில்லை. பெற்றோரின் இறுதி நாட்களைத் தங்கை சொன்னார், தமக்கை கேட்டுக்கொண்டிருந்தார். தந்தியாக மட்டுமே அவர் அறிந்திருந்த செய்திகள் அவை.

மாலை வண்டியில் அவர்கள் ஏறியபொழுது பேரன் மீண்டும் இஞ்சினைத் தேடினான். இறங்கும்போது அதுவே முன்னால் நின்று, பெட்டிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு செல்கிறது. ஆகவே கடைசிப் பெட்டிக்கும் மேடைக்கும் இடையிலே புகையுமில்லை, இஞ்சினுமில்லை. மூதாட்டி அந்தப் பெட்டியின் யன்னலருகே அமர்ந்தார். வண்டி வளைவில் திரும்பும்வரை வாங்கில் இருந்தவருடைய கை உயர்ந்தே இருந்தது.