கர்ப்பத்தடையும் காப்பர்-டியும்

(புதுவையில் நடந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விஷயத்தைப் பொதுமேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வருஷந்தோறும் பிள்ளை பெறுவது வெட்கமல்லவாம். அதைத் தடுக்கும் வழியைச் சொல்வது மாத்திரம் வெட்கமாம்! 1930-லேயே பெரியார் 'குடிஅரசு'ப் பத்திரிகையில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்தையும் பெண்ணின் தேக சுகத்தையும் காரணமாகச் சொன்னார்கள். அவரோ பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக வைத்தார். நம் புதுவையில் பிறந்த பாரதிதாசன் அதைக் கவிதையிலும் ஆதரித்தார். முன்பு இவ்வூரை ஆண்ட பிரான்சு தேசத்திலோ, 1920-ம் வருஷத்துச் சட்டம் கர்ப்பத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கிற்று. 1967-ல்தான் அத்தடை நீங்க வழி பிறந்தது.

நிற்க, காப்பர்-டி என்பது என்ன? ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். பயிற்சி பெற்ற டாக்டரோ நர்சோ அதைச் சில நிமிஷங்களில் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடலாம். செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து ஆணின் விந்தணுவைச் செயலற்றதாக்குகிறது. ஆகவே அது பெண்ணின் முட்டையோடு சேர்ந்து கரு உண்டாவதில்லை. வளர்ந்த சிசுவை இது கொல்லுகிறது என்பது வெறும் புரளியேயாகும்.

இதில் ஹார்மோன் மருந்து எதுவும் இல்லை, தாய்ப்பால் குறையாது. தினம் ஞாபகம் வைத்து மாத்திரை விழுங்க வேண்டியதுமில்லை. 380-ஏ என்னும் வகை 10 வருஷமும், 375 என்னும் வகை 5 வருஷமும் பயன்படும். நூறு பெண்கள் வைத்துக்கொண்டால் முதல் வருஷத்தில் ஒருவர் கர்ப்பமடைவதே அரிது. பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிட வேண்டியதுதான். மறுபடியும் கர்ப்பம் தரிக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்திற்குள்ளும் இதை வைக்கலாம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லுவோம். முதல் சில மாதங்களில் தீட்டு அதிகமாகலாம், வயிற்றுவலி வரலாம், சிலருக்குத் தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. கர்ப்பப்பையில் நோய்க்கிருமி இருப்பவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மேகநோய்களை இது தடுக்காது. அதற்கு ஆண்கள்தான் உறை அணிய வேண்டும்.

1965-ல் நம் தேசத்தில் 'லூப்' என்னும் சாதனத்தை சர்க்கார் பரப்பிற்று. எண்ணிக்கை சேர்ப்பதில் காட்டிய அவசரம், இப்படி இப்படி ஆகும் என்று பெண்களுக்கு விளக்குவதில் இருக்கவில்லை. இரத்தப்போக்கைக் கண்டு பெண்கள் பயந்தார்கள், வதந்தி பரவிற்று, நல்லதொரு சாதனத்திற்குக் கெட்ட பெயர் வந்தது. ஆகையால், பெண்ணிடம் சொல்லாமல் வைத்துவிடுவது அவளுக்குச் செய்யும் உபகாரமல்ல. வேண்டாமென்று மாமியார் தடுப்பது எப்படி அடிமைத்தனமோ, அவளைக் கேளாமல் டாக்டர் வைப்பதும் அப்படிப்பட்ட அடிமைத்தனமேயாகும். எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டால் மறுப்பதும் அதைச் சேர்ந்ததே. இதற்குப் புருஷனுடைய சம்மதம் வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. சம்மதிக்க வேண்டியவள் அவளொருத்தியே.

தோழர்களே! பிள்ளை கடவுள் கொடுப்பதென்றால், ஐந்தாவது பிள்ளைக்குப் பாலையும் அவரே அனுப்புவாரா? பெற்று வளர்ப்பவள் பெண். எப்போது பெறுவது, பெறுவதா வேண்டாமா என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் இந்தச் செய்தியை உங்கள் மனைவியரிடம் சொல்லுங்கள். முடிவை அவர்களுக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.