முகாம் முடிந்த மறுநாள்

(ஆவடி அருகே உள்ள கல்லூரி ஒன்றில் நடந்த நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமின் நிறைவு விழாவில், நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

 

பசுமை வளாகமும் சமூகத் தொண்டும் பற்றிப் பேச வேண்டும் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நிறைவு விழாவில் பாராட்டிப் பேசுவதுதான் வழக்கம். பாராட்டும் மனதில் நிறையவே இருக்கிறது. ஆனாலும் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறோம். அதைச் சொன்னால்தான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்க முடியும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன், இதே பகுதியில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவில் மரக்கன்றுகள் நட்டோம். வேம்பு, புங்கன், நாவல் என்று நல்ல கன்றுகள்தான். உங்களைப் போன்ற மாணவர்கள் வந்து குழி தோண்டினார்கள். படம் எடுத்தோம், நமது இதழிலும் வெளியிட்டோம். பிறகு நோன்புப் பெருநாளைக்கு முன் ஃபித்ரா அரிசி கொடுக்க அதே தெருவுக்குப் போனபோது, கூண்டுகள் நின்றன. உள்ளே பெரும்பாலும் காய்ந்த குச்சிகள். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா ஒருவர் கேட்டார்: "செடி வெச்சிட்டு போட்டோ புடிச்சிட்டுப் போயிட்டீங்க. எங்களுக்கே லாரித் தண்ணிதான். செடிக்கு யாருப்பா ஊத்துறது?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நடுவதற்கு முன் யாரும் கேட்கவில்லை. நட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வது என்றும் பேசவில்லை. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த நபிமொழியை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு அந்தப் பாட்டியம்மாவின் வாசலில்தான் அது எங்களுக்கு உறைத்தது.

நம் வாசல் வழியாகப் போன ரயில்

2019ஆம் ஆண்டு கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம். அந்த ரயில் நம் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களைக் கடந்துதான் போனது.

இப்போது ஒரு சிறு கணக்கு. சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் கிடைக்கும். அப்படியானால் 25,000 சதுர அடி கூரை உள்ள வளாகம், ஒரு முழு ரயில் தண்ணீரை ஓர் ஆண்டில் தன் தலையிலேயே வாங்கிக்கொள்கிறது. அதை விட்டுவிட்டுக் கோடையில் லாரிக்குச் சொல்லி அனுப்புகிறோம். லாரித் தண்ணீரும் வானத்திலிருந்து வருவதில்லை; சுற்றுக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் வயல் கிணற்றிலிருந்தும் வருகிறது. நம் விடுதித் தொட்டி நிறையும்போது யாரோ ஒரு விவசாயியின் கிணறு இறங்குகிறது.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் பல கட்டடங்களில் இருக்கின்றன. குழிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால் சேறும் சருகும்தான். அமைத்தவர்கள் அமைத்தார்கள், ஆண்டுதோறும் மழைக்கு முன் சுத்தம் செய்யும் பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. எங்கள் மரக்கன்றின் கதையேதான் இதுவும்.

மறுபக்கம் வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்டு அடையாற்றுக் கரை மூழ்கியதைப் பார்த்தோம். அன்றைக்குப் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்துவைத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர்ப் பகுதிகளே தண்ணீரில் நின்றன. ஒரே ஊருக்குத் தாகமும் வெள்ளமும் மாறி மாறி வருகின்றன. மழையை மண்ணுக்குள் இறக்காமல் சாக்கடைக்குள் இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

நம் பெரியவர்கள் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் அதன் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும். இன்று மழைநீரோடு கழிவுநீரும் அதே வழியில் போகிறது. மேலே இருப்பவர் ஊற்றுவதைக் கீழே இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். அதனால், ஒரு வளாகம் பசுமையானதா என்று பார்க்க உள்ளே உள்ள புல்வெளியை மட்டும் பார்த்தால் போதாது. வாசலைத் தாண்டி வெளியே போகும் தண்ணீரைப் போய்ப் பாருங்கள்.

முதலில் எங்கள் பள்ளிவாசல்

இதைக் கல்லூரிக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. ஜமாஅத்தார்கள் இங்கே இருக்கிறீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். நம் பள்ளியில் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் ஒளு செய்யும்போது கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். எவ்வளவு நிறைகிறது என்று நாங்கள் சொல்லமாட்டோம். நீங்களே அளந்து பாருங்கள்.

அந்தத் தண்ணீரில் பெரும்பாலும் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அதைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனிக் குழாயில் பிரித்து, ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாகக் கல்வாழைப் பாத்திக்கோ மரத்தடிக்கோ விடலாம். கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்தால் முடிகிற வேலை. கல்லூரி விடுதியில் கைகழுவும் தொட்டிக்கும் இதே வழிதான்.

குப்பையும் அப்படித்தான். ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தனியாகக் குறிப்பிட்டன. பல்கலைக்கழகமும் கல்லூரியும் விடுதியும் அந்தப் பட்டியலில் இருந்தன. வழிபாட்டுத் தலங்களும் இருந்தன. மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்றன அந்த விதிகள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடையும் உண்டு. அதற்குப் பிறகும் நம் வலீமா விருந்துகளில் பிளாஸ்டிக் டம்ளர் மலைபோல் குவிகிறது. இஃப்தாருக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவைத்தால் கழுவ ஆள் வேண்டும் என்கிறோம். ஆள் வேண்டும்தான். அந்தக் கூலியைக் கொடுப்பதும் தர்மம்தான்.

தொண்டுக்கும் தொடர்ச்சி வேண்டும்

மாணவர்களே, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, மகாத்மா காந்தி நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம்; அதோடு இந்த ஏழு நாள் முகாம். 2014 நவம்பரில் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்கிறது. நம் பக்கத்தில் ஆவடியில் வேல்டெக், மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர்., போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சவீதா என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களே இத்தனை. பொறியியல், கலைக் கல்லூரிகளை எண்ணி முடியாது. இவ்வளவு இளைஞர்கள் இருக்கிற ஊரில் ஒரு தெருவுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றால், குறை ஆளிடம் இல்லை. நம் ஏற்பாட்டில் இருக்கிறது.

திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947இல் தொடங்கிய நிறுவனம். அங்கே 1956இல் வந்த கிராமியக் கல்லூரி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, அந்த மக்களோடு இருந்து படிப்பது அங்கே பாடத்தின் ஒரு பகுதி. சிறப்பு என்னவென்றால், ஊர்தான் அங்கே வாத்தியார். நாம் முகாம் போடும்போது, ஊருக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் போகிறோம். அந்தப் பாட்டியம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை.

மருத்துவ முகாமிலும் இதைப் பார்க்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி ஒரு சீட்டு கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த மாதம் அந்த அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா என்று யார் கேட்கிறார்கள்? சீட்டு மட்டும் போதுமா?

நாங்கள் கேட்பது

மூன்றே விஷயங்கள். முதலாவது, ஊரைத் தத்தெடுக்க வேண்டாம். ஒரு தெருவை எடுங்கள், மூன்று ஆண்டுக்கு எடுங்கள். இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தச் செடி எங்கே, எந்தக் குழி எப்போது சுத்தம் செய்தது, எந்த வீட்டில் யாருக்கு மருந்து என்று எழுதி, இறுதியாண்டு மாணவர் போகும்போது அடுத்த ஆண்டு மாணவர் கையில் கொடுங்கள். மூன்றாவது, தொடங்குவதற்கு முன் அந்தத் தெரு மக்களிடம் கேளுங்கள். அவர்கள் செடி வேண்டாம், அடிபம்பைச் சரிசெய்து கொடுங்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

எங்கள் பங்குக்கு அறக்கட்டளை ஏற்றுக்கொள்வதையும் இந்த மேடையிலேயே சொல்கிறோம். காய்ந்துபோன அந்தத் தெருவில் வரும் மழைக்கு முன் மறுபடி நடுகிறோம். இந்த முறை குறைவாக, எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை மட்டும். கோடை மாதங்களில் தண்ணீர் ஊற்ற அந்தத் தெருவிலேயே ஒருவருக்குக் கூலி கொடுக்கிறோம். ஒளு நீரைப் பிரிக்க முன்வரும் பள்ளிவாசலுக்குக் குழாய்ச் செலவில் பாதியை ஏற்கிறோம். கணக்கையும், பிழைத்த செடி, பட்டுப்போன செடி இரண்டையும் இதே இதழில் ஆண்டுதோறும் வெளியிடுகிறோம். படம் மட்டும் போட்டு ஏமாற்ற மாட்டோம்.

மதீனாவில் ரூமா என்ற கிணறு தனியார் வசம் இருந்து, மக்கள் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கிய காலத்தில், உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அதை ஸதக்கத்துல் ஜாரியா என்கிறோம். ஜாரியா என்றால் ஓடிக்கொண்டே இருப்பது. கிணறு வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. ஒரு குடம் தண்ணீரை நாளையும், நாளை மறுநாளும் கொண்டுபோய் ஊற்றும் வசதி எல்லோருக்கும் உண்டு.

நாளைக் காலையில் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். நீங்கள் வகுப்புக்குப் போய்விடுவீர்கள். நாளை மாலை உங்களில் இரண்டு பேராவது இந்தத் தெருவுக்கு ஒருமுறை வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனால், இந்த முகாம் நடக்கிறது என்று அர்த்தம்.

நம் சிறிய முயற்சிகளை இறைவன் ஏற்றுக்கொண்டு, விடாமல் தொடரும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.