ஜீப்பில் ஏறும் நேரம்



போடியில் விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவுக்கு வந்து நின்று பாருங்கள். டீக்கடையில் பாய்லர் சூடேறும் முன்பே ஜீப்புகள் வரிசை கட்டியிருக்கும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளுமாக, ஏலத்தோட்டக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள். பின்சீட்டில் மடிமேல் மடி. முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை.

ஓர் அம்மாவிடம் கேட்டேன், எத்தனை மணிக்கு வேலை என்று. "எட்டு மணிக்குத்தான் சார். மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சாச்சு" என்றார். நடுவில் ஐந்து மணி நேரம். சோறு வடித்த நேரம் போக, ஜீப்பில் போன மிச்ச நேரம் யாருடைய கணக்கில் சேர வேண்டும்? நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஏலக்காய்ப் பறிப்பு, தேயிலை மாதிரி நின்றபடி செய்கிற வேலை இல்லை. காய் இருப்பது செடியின் தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, பழுக்கப் போகிற காயை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் கங்காணியின் குரல் கேட்கும். மழைக்காலத்தில் அட்டை வேறு. அந்த விரல்கள் விடியுமுன்பே ஜீப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்த விரல்கள்.

சட்டம் என்ன சொன்னது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஓய்வும் வேலைக்குக் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாள் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. காத்திருப்பதைக் கணக்கில் எடுத்த சட்டம் பயணத்தை எடுக்கவில்லை. தொழிலாளி தோட்டத்து லயத்திலேயே குடியிருப்பார் என்ற நினைப்பில் எழுதியது அது. அதுவும் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான். ஒரு ஜீப்பில் அடைக்கிற ஆட்களே அந்த எண்ணிக்கைக்குப் போதும். நிலம்தான் பல இடங்களில் போதாது.

1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் எனக்கு இன்னும் வியப்பு. ஒப்பந்தக்காரர் வழியாக வேறு மாநிலத்துக்குப் போகிறவருக்குப் பயணச் செலவு மட்டுமல்ல, பயண நேரத்துக்கும் பணியில் இருந்ததுபோலவே கூலி என்று அதில் இருந்தது. எழுதியவர்கள் மனத்தில் இருந்தது இரயிலேறிப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கும் எழுத்தளவில் பொருந்தாமல் இல்லை. ஆனால் போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்தபின், அந்த உரிமை ஊருக்குப் போய்வர ஆண்டுக்கொரு பயணப்படியாகச் சுருங்கிவிட்டது.

கூலிக் கதை தனி. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்களின் 'பெண்கள் ஒற்றுமை' அமைப்பு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தது. அது போனஸ் கேட்டு எழுந்த போராட்டம். தொடர்ந்து நடந்த பேச்சில் நாள் கூலி தேயிலைக்கு 232 ரூபாய் 301 ஆனது, ஏலத்துக்கு 267 ரூபாய் 330 ஆனது. நாலு வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ அதிகபட்சம் 7,000 ரூபாய்க்குப் போனது. விலை ஏறினால் கூலியும் கூடவே ஏறும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பயண நேரம் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-இல் இரவு வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். அது வேலை சார்ந்த விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. 22 வருடம் ஆயிற்று. நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு தொடர்புபட்டிருந்தால் வழியில் நடந்ததும் வேலையில் நடந்ததே. முதலாளி ஏற்பாட்டில், ஆள் பிடிக்கிறவரின் ஜீப்பில், தோட்டத்துக்கென்றே போகிற பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான தொடர்பு என்ன வேண்டும்? வழியில் இறந்தால் வேலை என்று எண்ணப்படும் நேரம், உயிரோடு போய்ச் சேர்ந்தால் மட்டும் வேலை இல்லையா?

ஜீப்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும். பேர், தேதி, தோட்டம், அவ்வளவுதான். அதில் ஏறிய மணி, இறங்கிய மணி என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். நாளைக்கு நட்ட ஈட்டு வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு அந்த நோட்டுத்தான் இருக்கும்.