கடைமடைக்கு முதல் நீர்

 

'ஆசிரியர்' என்னும் சொல்லுக்கு ஆசினை, அஃதாவது குற்றத்தை, இரியச் செய்பவர் எனப் பொருள் கூறுவர் அறிஞர். பிறர் ஆசினை அகற்றும் அவர்க்குப் பயிற்சி தருவதிலேயே ஓர் ஆசு நெடுநாளாய் நிலைத்து நின்றது. நகர்ப்புறத்தார்க்கு நிறைவாகவும், மலையூரார்க்கும் கடைக்கோடிச் சிற்றூரார்க்கும் குறைவாகவும் அப்பயிற்சி சென்று சேர்ந்தது.

பழைய முறை யாது? மேலிடத்து வல்லுநர் மாநிலக் கருத்தாளர்க்கு உரைப்பர்; அவர் மாவட்டத்தார்க்கு உரைப்பர்; மாவட்டத்தார் ஒன்றியத்தார்க்கு உரைப்பர். மதகில் பெருகிய நீர் கடைமடை சேருமுன் சுண்டுதல்போல், படிதோறும் கருத்துக் குறைந்தது.

இக்குறையைக் களையவல்ல வழியொன்று பின்னர்த் திறந்தது. 2017-இல் 'தீக்சா' என்னும் மின்வழிக் கல்வித் தளத்தை இந்திய நடுவணரசு தொடங்கிற்று. ஏறத்தாழ 42 இலக்கம் ஆசிரியர்க்கென 2019-இல் தொடங்கப்பெற்ற 'நிட்டா' பயிற்சி, கொள்ளைநோய் பரவிய 2020-இல் அத்தளத்திற்கு மாறிற்று. தலைநகரத்தார் கேட்கும் அதே உரையைச் சிற்றூராரும் கேட்க வழி பிறந்தது. நன்றே! ஆயினும், ஒரே உரை கிடைத்தல் வேறு. ஒரே வாய்ப்புக் கிடைத்தல் வேறு.

ஓராசிரியர் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 2024-25ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் அத்தகு பள்ளிகள் 1,04,000-க்கு மேல். அவற்றில் பயிலும் பிள்ளைகள் 33 இலக்கத்திற்கு மேல். அவ்வாசிரியர் பயிற்சிக்கென வெளியூர் சென்றால் அன்று கற்பிக்க ஆளில்லை. ஆகலின், மின்வழிப் பயிற்சியால் மிகுபயன் எய்த வேண்டியவர் அவரே. ஆனால், அவ்வாண்டில் இணைய இணைப்புடைய பள்ளிகள் நூற்றுக்கு 63.5 மட்டுமே. இணைப்பில்லாப் பள்ளியின் ஆசிரியர் தம் ஊதியத்தில் திறன்பேசி வாங்கி, தம் செலவில் இணையம் பெற்று, இரவில் கண்விழித்துப் பயில வேண்டுமெனில், அரசு தாங்க வேண்டிய சுமை எளியவர் தோளுக்கு மாறிற்று என்பதன்றி வேறென்ன?

எனவே, வேண்டுவன நான்கு. பாடங்கள் இணைப்பின்றியும் இயங்குமாறு பதிந்து தரப்பெறல் வேண்டும். கருவியை அரசே வழங்குதல் வேண்டும். பயிற்சி நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பெற்று, அந்நேரத்திற்கு ஓராசிரியர் பள்ளிக்கு மாற்றாசிரியர் அனுப்பப்பெறல் வேண்டும். பயிற்சி ஆசிரியர்தம் தாய்மொழியில் அமைவதோடு, சந்தாலியும் கோண்டியும் பேசிவரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் சொல்லித்தரல் வேண்டும்.

மதகைத் திறந்தோம் என்று மகிழ்ந்திருத்தல் போதாது. கடைமடை நனைந்ததா என்று சென்று காணல் வேண்டும். ஓராசிரியர் பள்ளிக்கு முதலில், தலைநகர்ப் பள்ளிக்குப் பின்னர் என்று முறைவகுக்கும் நாளிலேதான் கல்வியில் ஒப்புரவு பிறக்கும். அந்நாளை வரச்செய்வது ஆசிரியர் அனைவரும் ஒருங்கே எழுப்பும் குரலேயாம்!