டேங்குக்கு மதகு நீங்கதான்: பாசி, பாஸ்பேட், கொஞ்சம் வீராணம்

மீன் வளர்க்கிற நண்பர்கள்கிட்ட இருந்து எனக்கு அதிகமா வர்ற மெசேஜ் ஒண்ணுதான். "ப்ரோ, கண்ணாடி பூரா பாசி. டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், பாஸ்பேட் ஏறிக் கிடக்கு. குறைக்க என்ன ஊத்தணும்?"

'என்ன ஊத்தணும்'கிற இந்தக் கேள்விக்கு நானும் ஒரு தடவை பதில் தேடினேன். ஒரே ராத்திரியில 12 டெட்ராவுல 9 போச்சு. அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

எனக்கு ஊர் லால்பேட்டை. காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் ஏரிக்கரையை ஒட்டின ஊர். (வீராணம்னதும் வந்தியத்தேவன் ஞாபகம் வரும். ஆனா இன்னிக்கு குதிரை கிடையாது, வெறும் தண்ணிதான்.) கோடையில ஏரி வத்தி வரும்போது கரையோரம் பச்சையா, பெயின்ட் கரைச்ச மாதிரி படிஞ்சிருக்கும். சின்ன வயசுல அது அழுக்குன்னு நினைச்சேன். உண்மையில அது உரம் போட்ட விளைச்சல். வயல்ல போடுற டிஏபி மூட்டையில 18:46-ன்னு போட்டிருக்கும் பாருங்க, அதுல 46 பாஸ்பேட் கணக்கு. பயிர் எடுத்தது போக மிச்சத்துல ஒரு பங்கு மண்ணோட சேர்ந்து வாய்க்காலுக்கு வருது. ஊர்க் கழிவும் சோப்புத் தண்ணியும் அதோட சேருது.

எங்க நன்னி, அதாவது அம்மாவோட அம்மா, கலங்கின தண்ணியைப் பானையில பிடிச்சு படிகாரக் கட்டியால ரெண்டு சுத்து சுத்துவாங்க. கொஞ்ச நேரத்துல அழுக்கெல்லாம் அடியில உக்காந்துடும். மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் வேற பாத்திரத்துல வடிச்சு எடுப்பாங்க. அந்த வடிச்சு எடுக்கிற வேலையை நான் கவனிக்கவே இல்ல. படிகாரத்தை மட்டும்தான் கவனிச்சேன்.

அப்புறம் சென்னை வந்து, வாடகை வீடு, ஜன்னல் பக்கத்துல ரெண்டடி டேங்க். கொளத்தூர்ல வாங்கின மீன். மூணு மாசத்துல தண்ணி பச்சை. படிச்சுப் பாத்தா, அலுமினியம் பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும், வெளிநாட்டுல ஏரிகளுக்கே படிகாரம் போடறாங்கன்னு இருந்தது. அது உண்மைதான். நன்னி வைத்தியத்துக்கு அறிவியல் ஆதாரமே இருக்குன்னு ஒரே சந்தோஷம். போட்டேன்.

எங்க தப்பாச்சுன்னா, என் டேங்க்ல இருந்தது முழுக்க ஆர்ஓ தண்ணி. படிகாரம் தண்ணியில கரையும்போது அமிலம் உண்டாகும். சாதாரணத் தண்ணியில இருக்கிற கார்பனேட் உப்பு அந்த அமிலத்தைத் தாங்கிக்கும். ஆர்ஓ தண்ணியில அந்த உப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதனால பிஹெச் சடார்னு விழுந்துடுச்சு. அமிலத் தண்ணியில அலுமினியமும் கரைஞ்சு நின்னு மீனோட செவுளைத் தாக்கும். காலையில எழுந்து பாத்தா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, மீன் மிதக்குது.

அதனால முதல்லயே சொல்லிடறேன். மீன் இருக்கிற தொட்டியில படிகாரம் போடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பாஸ்பேட் எங்க இருந்து வருது? பெரும்பாலும் உங்க கையில இருந்து. மீன் தீனியில சுமார் 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். அப்போ 1 கிராம் தீனியில 10 மில்லிகிராம். அது முழுசா பாஸ்பேட்டா மாறினா சுமார் 30 மில்லிகிராம். ரெண்டடி டேங்க்ல நிஜமா 50 லிட்டர் தண்ணி நிக்கும்னு வைங்க. ஒரு கிராம் தீனி மொத்தமும் கரைஞ்சா 0.6 பிபிஎம் ஏறிடும். மீன் தன் உடம்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கும்தான். ஆனா மீன் சாப்பிடாம அடியில விழுறது அப்படியே கணக்குல சேரும். "பாவம், பசிக்குது போல"ன்னு தூவுற ரெண்டாவது பிடிதான் வில்லன்.

நைட்ரேட் மாதிரி இது வாயுவா மாறித் தப்பிக்கவும் முடியாது. உள்ள வந்த பாஸ்பரஸ் தண்ணியில இருக்கும், இல்ல மணல்ல, ஃபில்டர் பஞ்சுல, செடியில, பாசியில இருக்கும். இடம் மாறும், ஆனா காணாமப் போகாது. வீராணத்துக்காவது வழி இருக்கு. கீழணையில இருந்து வடவாறு வழியா தண்ணி வருது, மதகுகள் வழியா வயலுக்குப் போகுது, வெள்ளம் வந்தா எங்க ஊர் வெள்ளியங்கால் ஓடையைத் திறந்து விடறாங்க, 2004-ல இருந்து குழாய் வழியா சென்னைக்கும் வருது. உங்க கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு மதகும் கிடையாது. நீங்க வாளியில மொண்டு ஊத்தினாதான் உண்டு.

அந்த வாளிக் கணக்கைப் பாப்போம். வாரம் 25 சதவீதம் தண்ணி மாத்துறீங்க. தீனியால வாரத்துக்கு 0.5 பிபிஎம் சேருது. புதுத் தண்ணியில பாஸ்பேட் இல்லன்னா, அளவு ஏறி ஏறி 2-ல போய் நின்னுடும். தீனியைப் பாதியாக்கினா 1-ல நிக்கும். புதுத் தண்ணியிலயே 1 பிபிஎம் இருந்தா, எத்தனை வாளி மாத்தினாலும் ஒண்ணுக்குக் கீழ இறங்கவே இறங்காது. அதனால டேங்க் தண்ணியை டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி குழாய்த் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி, எது ஊத்துறீங்களோ அதை டெஸ்ட் பண்ணுங்க. பலர் இதைச் செய்யறதே இல்ல.

ஃபில்டர் பஞ்சு இன்னொரு இடம். ஃபில்டர் அழுக்கைப் 'பிடிச்சுடுச்சு'ன்னு நினைக்கிறோம். ஆனா தண்ணி அந்த அழுக்கு வழியாத்தான் ஓடுது, அது அங்கயே கரைஞ்சுக்கிட்டு இருக்கு. தண்ணி மாத்தும்போது எடுத்த டேங்க் தண்ணியிலயே பஞ்சை அலசிப் பிழிங்க. குளோரின் தண்ணியில அலசினா நல்ல பாக்டீரியா செத்துடும்.

செடி வைக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. பள்ளிக்கூடத்துல ஒளிச்சேர்க்கைப் பரிசோதனைக்குக் கண்ணாடிக் குவளையில வைப்பாங்களே, அந்த ஹைட்ரில்லா போதும். வேகமா வளரும், பாஸ்பேட்டை இழுத்துக்கும். ஆனா வாரா வாரம் வெட்டி வெளிய போடணும். உள்ளயே அழுக விட்டா வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடும். வெட்டினதை என் மாடித் தொட்டியில கத்திரிக்காய்க்குப் போடறேன்.

இரும்பு ஆக்ஸைடு துகள் பை கடையில கிடைக்கும், பாஸ்பேட்டைப் பிடிக்கும். பவளம் வளர்க்கிற உப்புத் தண்ணி டேங்க்ல 0.1-க்குக் கீழ வைக்கப் பாப்பாங்க, அவங்களுக்கு அது தேவை. நன்னீர் டேங்குக்கு என் கருத்துல வீண் செலவு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. கண்ணாடி பூரா பாசி, ஆனா டெஸ்ட்ல பூஜ்யம் காட்டும். கிட் பொய் சொல்லல. கரைஞ்சிருந்த பாஸ்பேட்டை எல்லாம் பாசி சாப்பிட்டு முடிச்சிடுச்சு, கிட் பாசிக்குள்ள இருக்கிறதை அளக்காது. இதுக்கு நேர் எதிரா, செடி டேங்க்ல பூஜ்யத்தைத் துரத்தினா செடி பட்டினியில வாடும், அந்த இடத்தைப் பாசி பிடிக்கும். செடி இருந்தா 1 பிபிஎம் சுத்தமா பயப்பட வேண்டிய அளவே இல்ல.

அப்போ பாஸ்பேட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னு கேட்டா, 1973-ல கனடாவுல டேவிட் ஷிண்ட்லர் குழு செஞ்ச ஒரு வேலையைச் சொல்லணும். 226-ஆம் எண் ஏரியை நடுவுல திரை போட்டுப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அதே ரெண்டோட பாஸ்பரஸ். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாச்சு. வானத்துல இருந்து எடுத்த அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க, பாதி ஏரி நம்ம வீராணம் கோடையில இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனா ரெண்டு பக்கத்துக்கும் வெயில் ஒண்ணுதான். உங்க வீட்டுல வெயிலையும் குறைக்கலாம். நான் டேங்கை ஜன்னல்ல இருந்து நகர்த்தி, லைட்டை 11 மணி நேரத்துல இருந்து 7 ஆக்கினேன். பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சது.

மிச்சம் இருந்த மூணு டெட்ராவும் இப்பவும் இருக்கு. ஆர்ஓ தண்ணியோட குழாய்த் தண்ணி கலந்து ஊத்தறேன். தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை கிடையாது. போன வாரம் பாஸ்பேட் 0.8. பின்பக்கக் கண்ணாடியில கொஞ்சம் பாசி இருக்கு, நத்தைக்கு விட்டு வச்சிருக்கேன்.

உங்க குழாய்த் தண்ணியில எவ்வளவு காட்டுதுன்னு ஏரியா பேரோட அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.