போகாதே என்று கூட்டித் தரப்படும் சம்பளம்

 

 

விடுமுறையில் ஊர் வந்திருந்த ஒரு சகோதரர் லுஹர் தொழுகைக்குப் பின் என் அருகில் வந்து அமர்ந்தார். துபாயில் ஒரு வணிக நிறுவனத்தில் ஆறாண்டுகளாகக் கணக்கு எழுதுபவர். அடிப்படைச் சம்பளம் 2,400 திர்ஹம். மூன்றாண்டுகளாகக் கேட்டும் ஒரு திர்ஹம்கூட உயரவில்லை. வேறொரு நிறுவனம் அழைத்தது. சம்மதித்துக் கையொப்பமிட்டார். பழைய இடத்தில் ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். வந்திறங்கிய மறுநாள் பழைய முதலாளி தொலைபேசியில் அழைத்தார். "போக வேண்டாம். மாதம் 800 திர்ஹம் கூட்டித் தருகிறேன்" என்றார்.

"ஹஜ்ரத்! வீட்டில் எல்லோரும் இருக்கச் சொல்கிறார்கள். தெரிந்த இடம், கூடுதல் பணம். நான் என்ன செய்வது?" என்று அவர் கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் வரக்கூடிய கேள்வி. எனவே அவரிடம் நான் கேட்ட மூன்று கேள்விகளை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதல் கேள்வி: நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்களா?

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே, உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோருக்கு இடப்படும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. வாக்களித்து மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். இவ்விரண்டையும் தொழுகைப் பாயில் கேட்டுத் தலையசைக்கும் நாம், சம்பளப் பேச்சு வந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

புதிய இடத்திற்குச் சம்மதம் சொல்லுமுன் பழைய முதலாளி கூட்டித் தர முன்வந்தால், அதை ஏற்பதில் தவறேதும் இல்லை. தன் உழைப்புக்குத் தக்க கூலியைக் கேட்பது பேராசையாகாது. ஆனால் நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள். அவர்கள் உங்களை நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாவுக்குப் பணமும் கட்டிவிட்டார்கள். இந்நிலையில் 800 திர்ஹத்திற்காகப் பின்வாங்கினால், அந்த 800 திர்ஹம் உங்கள் வாக்கின் விலையாகிவிடும். தவிர்க்கவே முடியாத காரணத்தால் பின்வாங்க நேர்ந்தால், ஒளிந்துகொள்ளாதீர்கள். தொலைபேசியை அணைத்து வைக்காதீர்கள். அன்றைக்கே நேரில் உண்மையைச் சொல்லி, உங்களை விடுவிக்குமாறு வேண்டிக் கேளுங்கள். அவர்களுக்கு இழப்பு ஏற்பட்டிருந்தால் அதைப் பற்றியும் பேசித் தீருங்கள்.

இன்னொரு வழக்கமும் நம்மிடையே பரவி வருகிறது. சேரும் எண்ணமே இல்லாமல் ஓர் இடத்தில் நேர்காணலுக்குச் சென்று, வேலைக் கடிதம் வாங்கி, அதை இருக்கும் இடத்தில் காட்டிச் சம்பளத்தை உயர்த்திக்கொள்வது. சகோதரர்களே! வாங்கும் எண்ணமின்றிச் சந்தையில் விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அங்கே ஏமாற்றப்படுபவர் பொருள் வாங்குபவர். இங்கே ஏமாற்றப்படுபவர்கள் இருவர்: உங்களுக்காகக் காத்திருப்பவர், உங்களை நம்பிக் கூட்டித் தருபவர். இதைத் திறமை என்று சொல்லிப் பெருமைப்படாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: எதற்காக வெளியேற நினைத்தீர்கள்?

இதைக் கேட்டதும் அச்சகோதரர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சம்பளம் மட்டும் இல்லை ஹஜ்ரத். ஒரே சரக்குக்கு இரண்டு பில் எழுதச் சொல்கிறார்கள். சுங்கத்திற்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று. என் கையால்தான் எழுதுகிறேன்" என்றார்.

அவருடைய கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. சம்பளக் குறைவுதான் காரணம் என்றால் கூட்டித் தரும் பணம் அதைத் தீர்க்கும். பொய்க் கணக்குதான் காரணம் என்றால் பணம் அதைத் தீர்க்காது. அந்தப் பொய்யை நாம் இன்னும் எத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொள்வோம் என்பதற்கு விலை பேசுவதாகத்தான் ஆகும். தொழுகைக்கு நேரம் தராத இடம், உடன் வேலை செய்பவரை இழிவாக நடத்தும் இடம், ஊதியத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் இடம், இவையும் அப்படித்தான். நீங்கள் வெளியேற விரும்பிய காரணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டித் தரப்படும் பணம் அவற்றுள் எதை மாற்றும், எதை மாற்றாது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். விடை உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

மூன்றாவது கேள்வி: தருவதாகச் சொல்வது உண்மையில் என்ன?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல் என்று நாம் கற்றிருக்கிறோம். கணக்குப் பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தனிச் சட்டமுள்ள நிதி மண்டலங்கள் நீங்கலாக, தனியார் நிறுவனத்தில் ஓராண்டு நிறைவு செய்த வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம். இது கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. படிகள் இதில் சேரா.

இச்சகோதரரின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 80 திர்ஹம். ஐந்தாண்டுகளுக்கு 8,400, ஆறாவது ஆண்டுக்கு 2,400, ஆக 10,800 திர்ஹம். முதலாளி கூட்டித் தருவதாகச் சொன்ன 800 திர்ஹமோ வெறும் 'இதர படி'. அதனால் பணிக்கொடையில் ஒரு திர்ஹம்கூட உயராது. அது எழுத்திலும் இல்லை. தொலைபேசியில் சொன்ன சொல் மட்டுமே. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சந்தேகப் புத்தியன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். புதிய இடத்தில் ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் இருக்கலாம். அக்காலத்தில் 14 நாள் முன்னறிவிப்புத் தந்து அனுப்பிவிட அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. எனவே இரண்டு, மூன்று மாத வீட்டுச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இஸ்திகாரா. நபி (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போல் இதைத் தம் தோழர்களுக்குக் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டு ரக்அத் தொழுது, நன்மை எதுவோ அதை எனக்கு எளிதாக்கு என்று இறைவனிடம் வேண்டுவதே அது. கனவு வர வேண்டும் என்று காத்திருப்பது அதன் நிபந்தனையன்று. கொடுத்த வாக்கை மீறலாமா, பொய்க் கணக்கு எழுதலாமா என்பதற்கு இஸ்திகாராவும் இல்லை. ஆகுமான இரண்டு வழிகளுக்கிடையே தேர்வதற்கே அது. அத்துடன் அத்தொழிலை அறிந்த, உங்கள் பணத்தில் நோக்கமில்லாத ஒருவரிடம் மஷூராவும் செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. தாய்மார்களே! சகோதரிகளே! கடல் கடந்திருக்கும் உங்கள் கணவரோ மகனோ தொலைபேசியில் இப்படிக் கேட்டால், "எவ்வளவு கூடும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "அங்கே உங்கள் மனம் நிம்மதியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். மகளின் திருமணமும் வீட்டுக் கடனும் நம் முன் நிற்பது உண்மைதான். ஆனாலும் அவர் சொல்லாமல் மறைக்கும் பாரத்தைச் சொல்ல வைக்கும் கேள்வி அதுதான்.

முதலாளிகளாக இங்கு அமர்ந்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. மக்களுக்கு உரியவற்றைக் குறைத்துவிடாதீர்கள் என்பது ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்கு மீண்டும் மீண்டும் விடுத்த எச்சரிக்கை. அவன் ராஜினாமாக் கடிதம் தந்த மறுநாள் உங்களால் 800 கூட்டித் தர முடிகிறது என்றால், மூன்றாண்டுகளாக அவன் கேட்டபோது ஏன் முடியவில்லை? நல்ல பணியாளன் கதவைத் திறந்து வெளியே கால் வைத்த பின்தான் அவன் மதிப்பு உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

அச்சகோதரர் அன்று மாலையே பழைய முதலாளியை அழைத்து நன்றி சொல்லி, "வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று தெரிவித்தார். விடுமுறை முடிந்து திரும்பியதும், முன்னறிவிப்புக் காலம் முழுவதும் ஒரு நாளும் குறையாமல் வேலை பார்த்து, கணக்குகளை ஒப்படைத்து வெளியேறுவதாக என்னிடம் சொன்னார். இனி இரண்டு பில் எழுத மாட்டேன் என்பதையும் முதலாளியிடம் கூறிவிட்டார். விட்டுப் போகும் இடத்திற்கும் நாம் அமானிதம் செலுத்த வேண்டியவர்கள் அல்லவா?

புதிய இடம் அவருக்கு எப்படி அமையும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. தனக்குத் தெரிந்ததை அவர் சரியாகச் செய்தார். ரிஜ்கு எங்கிருந்து வரும் என்பது நம் கையில் இல்லை. அது எந்த வழியாக வர நாம் கதவைத் திறக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் நேர்மையையும், எங்கள் சொல்லில் உறுதியையும், எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.